புதுப்படமா, ராட்டினமா

உப்பளத்திலிருந்து நேராக வந்த லீமாவும் பாஞ்சாலையும், காலில் உப்புப் பூத்திருக்க, ராட்டினத் தொட்டிலில் ஏறி உட்கார்கிறார்கள். சினிமாக் கொட்டகைக்காரர் இந்த வருஷம் புதுப்படம் எதுவும் போடாமல், கொட்டகை வாசலில் இந்த ராட்டினத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "இதுக்குப் போட்ட காசுல நாலு புதுப்படம் ஓட்டியிருக்கலாம். ஒரே படத்தை எத்தினி வாட்டிடி பாக்கறது?" என்கிறாள் பாஞ்சாலை. "படத்துல அவங்க ஆடறாங்க. இதுல நாம ஆடறோமே" என்று லீமா சிரிக்கிறாள். ராட்டினம் கிறீச்சிட்டுச் சுழன்று, அவர்கள் தொட்டில் உச்சியில் நிற்கிறது. சாயங்கால வெயிலில் பாத்தித் தண்ணீரெல்லாம் செம்பு நிறமாகக் கிடக்கிறது, அதற்கப்பால் கடல். காலையிலிருந்து இருவரும் வாரிக் குவித்த உப்பு, வரப்போரம் வெள்ளைவெளேரென்று தெரிகிறது. பாஞ்சாலை கம்பியை இறுக்கிப் பிடித்தபடி அதையே பார்க்கிறாள். "நாமளாடி இம்மாம் குவிச்சோம்?" தொட்டில் மெல்ல இறங்குகிறது. "இன்னொரு சுத்து போலாம்டி" என்கிறாள் பாஞ்சாலை. "ஆனா புதுப்படம் எப்பன்னு அந்தாளைக் கேட்டுட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்."