வெந்நீர் ஆறுவதற்குள்

அந்த மேசைமேல் ஒரு குட்டிப் போர்க்களம் உருவாகிக்கொண்டிருந்தது. ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த டாங்கிக்குப் பீரங்கிக் குழல் வளைந்திருந்தது. ரெசின் சிப்பாய்க்கு இடது கால். மாடல் செய்பவர் குழலை வெந்நீரில் முக்கி, இளகியதும் நிமிர்த்தினார். அது மறுபடி வளைந்தது, மறுபடி முக்கினார். ஐந்து தடவை!

சிப்பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். நிற்கத்தானே அவனை வார்த்தார்கள்? அவர் கையிலிருந்த இடுக்கியைக் கூப்பிட்டான்.

"யோவ் இடுக்கி, என் காலை ஒரே ஒரு தடவை முக்கினாப் போதும்னு சொல்லேன்யா!"

"உன்னைப் படுக்கவைக்கப் போறாராம். செத்தவனுக்குக் கால் எப்படி இருந்தா என்னங்கிறார்."

"அநியாயமா இல்ல? வெந்நீர் இன்னும் ஆறக்கூட இல்லையே!"

அதற்குள் இடுக்கி அவன் இடுப்பைக் கவ்வியது. அவர் பசை தடவி அவனைக் குப்புற ஒட்டினார். பக்கத்தில் டாங்கியை நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதப்பா," என்றது டாங்கி, நிமிர்ந்த குழலோடு. "நீ இப்படிக் கிடந்தாத்தான் நான் கம்பீரமாத் தெரியறேன்."