கடைசி கேஸ் டப்பா

'உஸ்' என்று சத்தம் வந்ததும் குருவம்மாள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே வெள்ளையாகப் புகை எழும்பியது.

"வெடி இல்லக்கா, கேஸுதேன். உள்ள வாங்க," என்றான் ரிப்பேர் கடைக்காரன் பாண்டிராஜ். கம்ப்யூட்டரில் தூசி ஊதுகிற கேஸ் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அப்படி அழுத்தினால் காற்றுக்குப் பதில் உறைபனி மாதிரிக் குளிர் வரும்.

மேஜையில் திறந்து கிடந்தது சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேமரா கம்ப்யூட்டர். போன வாரம் நடந்த வெடிவிபத்தில் அதன் ஃபேன் உடைந்துவிட்டது. ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் பிராசசர் கொதித்து அணைந்துபோகிறது.

விபத்தில் செத்தது குருவம்மாளின் கணவன் சோணைமுத்து. வெடிமருந்து அறையில் அவன்தான் அஜாக்கிரதையாக இருந்தான் என்கிறது கம்பெனி. மத்தியானம் விசாரணைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். அதற்குள் கேமராவில் பதிவான படத்தைப் பென்டிரைவில் ஏற்றிவைக்கச் சொல்லி, போர்மேன் பெட்டியைக் கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதைக் கேள்விப்பட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்தவள்தான். வாங்கிக் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"படம் கலர்ல தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"சட்டப் பித்தான் வரைக்கும் தெரியும்க்கா. அண்ணே மேல தப்பு இல்லன்னு இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும்."

தூக்கமில்லாமல் பாண்டிராஜுக்குக் கண் எரிந்தது. இருந்த டப்பாவெல்லாம் தீர்ந்து, இதுதான் கடைசி. படம் இந்தப் பெட்டியில் மட்டும்தான் திறக்கும். இன்னொரு தடவை கொதித்தால் பிராசசர் செத்துவிடும், பிறகு யார் வந்தாலும் எடுக்க முடியாது. அவளிடமும் இதைச் சொல்லியிருந்தான்.

கேஸை விட்டு விட்டு அழுத்தினான். பிராசசர் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. திரை உயிர் பெற்றது.

கம்பெனி கேட். வேனிலிருந்து ஆட்கள் இறங்கி, 'பருத்தி உடை மட்டும்' என்ற போர்டைத் தாண்டி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியாகச் சோணைமுத்து. நீலச் சட்டை வெயிலில் பளபளவென்று மின்னியது.

"அண்ணேதான? தீபாவளிச் சட்டையாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பென்டிரைவைச் செருகினான். படம் ஏறத் தொடங்கியது.

குருவம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ராத்திரிதேன் கொழாயில தண்ணி வந்துச்சு தம்பி. தொவச்ச சட்ட விடியிறதுக்குள்ள காயல. வேன்காரன் ஆரனடிச்சுக்கிட்டே நிக்கான். பாலிஸ்டர் ஆகாது, பொறி தட்டும்னு அவுக சொல்லச் சொல்ல, ஒரு நாளைக்குத்தானன்னு நாந்தேன் மாட்டிவிட்டேன்."

பாண்டிராஜ் திரையிலிருந்த நீலச் சட்டையைத் திரும்பிப் பார்த்தான். டப்பா மட்டும் உஸ்ஸென்றது.

"கேஸ நிறுத்துப்பா."