வலப்பக்க அம்புக்குறி

அதை எங்கே ஒளித்து வைப்பது என்று டிசைனர் அரைமணி நேரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப ஆழத்தில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. படாவிட்டால் அவர் பாடுதான் திண்டாட்டம்.

"இன்னுமா முடியல? என்னமோ பிணத்தைப் புதைக்கிற மாதிரி இடம் தேடறீங்க!" என்றாள் மனைவி.

அவர் புதைக்க நினைத்தது ஒரு தப்பை. பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே டிசைன் செய்து பிழைப்பவர் கண்டுபிடித்த வித்தை அது. குறையே இல்லாமல் அனுப்பினால், நிறத்தை மாற்று, எழுத்தை மாற்று என்று வாடிக்கையாளர் உயிரை எடுப்பார். தெரிந்தே ஒரு தப்பை வைத்து அனுப்பினால் அதைக் கண்டுபிடித்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மற்றதில் கை வைக்க மாட்டார், அடுத்த வேலையையும் இவரிடமே கொண்டு வருவார்.

ஹோட்டல்காரர் ஒருவரிடம்தான் போன மாதம் குட்டு உடைந்தது. அவரும் கோபிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த முறை வந்திருப்பது நான்கு மாடி தையல் கம்பெனி வேலை. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று மாடிக்கு மாடி சுவரில் மாட்டும் வரைபடம்.

"இதுலயுமா உங்க வித்தையைக் காட்டணும்? இருநூறு பொம்பளைங்க வேலை பாக்கற இடங்க அது!"

"அதனாலதான் பளிச்சுன்னு வைக்கிறேன். படிக்கட்டு இடது பக்கம், அம்புக்குறி வலது பக்கம். அங்க இருக்கறது வெறும் ஸ்டோர் ரூம். சொந்தக் கட்டடம், முதலாளிக்கு இதுகூடவா தெரியாது?"

அந்த முதலாளியை இழக்க டிசைனருக்கு மனமில்லை. "ஹோட்டல்காரர் உங்களைப் பத்தி ஒண்ணு விடாம சொன்னார் தம்பி" என்று வீடு தேடி வந்து வேலை கொடுத்தவர். டிசைனர் பெயரை மூலையில் போடுவதற்கே மற்றவர்கள் முகம் சுளிக்கும்போது, "கீழ உங்க பேரும் போன் நம்பரும் பெருசா இருக்கணும்" என்று அடம்பிடித்தவர்.

மாதிரியை அனுப்பிய மூன்றாவது நிமிடம் போன் வந்தது.

"பிரமாதம் தம்பி! ஒரு புள்ளியைக்கூட மாத்த வேண்டாம். இப்பவே பிரிண்டுக்குப் போகுது."

"சார், ஒரு நிமிஷம், அம்புக்குறியைப் பாத்தீங்களா?" என்று இவர் கேட்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டார். ஆறு முறையும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை திருத்திய படத்தோடு கம்பெனிக்கு ஓடினார். லிஃப்டில் ஏறிப் போய்ப் பார்த்தால், நான்கு மாடியிலும் வரைபடத்தைச் சட்டம் போட்டு, சுவரில் திருகாணி வைத்து முடுக்கியிருந்தார்கள். சிவப்பு அம்புக்குறி ஸ்டோர் ரூமைக் காட்டியது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இவர் பெயர். வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

சரியான வழியையாவது ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இடது பக்கம் நடந்தார். படிக்கட்டுக் கதவில் கையகலப் பூட்டு தொங்கியது. கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் படியே தெரியவில்லை, கூரை வரைக்கும் துணி மூட்டைகள்.

தோளில் ஒரு கை விழுந்தது. முதலாளி.

"சார், படத்துல தப்பு இருக்கு. என் தப்புதான், உடனே கழட்டிடுங்க. இந்தக் கதவு வேற பூட்டியிருக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இவங்கெல்லாம் எந்த வழியா வெளிய போவாங்க?"

"ஆச்சுன்னா யாரும் பூட்டைப் பத்திக் கேக்க மாட்டாங்க தம்பி. வழி தப்பாக் காட்டினது யாருன்னுதான் கேப்பாங்க."

"அப்ப... அது தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

முதலாளி சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சுவரிலிருந்த படத்தில் இவர் பெயர் இருந்த இடத்தைப் பதமாகத் துடைத்தார்.

"தப்பு வைப்பீங்கன்னு தெரிஞ்சுதானே தம்பி, உங்களைத் தேடி வந்தேன்!"