மேஜர் தூக்கிய சிப்பாய்

"போர்வையை விலக்காதீங்கண்ணே. இப்பவே தெரிஞ்சுட்டா காரியம் கெட்டுடும்."

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே டிரைவரின் மனைவி குனிந்து சொன்னாள். நாற்காலியில் இருந்த சிப்பாய், கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்த பழுப்புப் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

தியேட்டர் வாசலில் ஒவ்வொருவரையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக் கூடையில் போட்ட காவலாளி, சக்கர நாற்காலியைக் கண்டதும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். போர்வைக்குள் என்ன என்று கேட்கவில்லை. நாட்டுப்பற்று பொங்கும்போது சோதனை போடத் தோன்றாது.

முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள். போரில் அடிபட்ட நாலு சிப்பாய்கள் ஒரு வேனில் வீடு திரும்புகிற, 'உண்மைக் கதை' என்று விளம்பரப்படுத்திய படம். வேனை ஓட்டியவர் மேஜர். ஏனென்றால் டிரைவர் இடைவேளைக்கு முன்னாலேயே வண்டியை நடுவழியில் போட்டுவிட்டு ஓடிப்போனான். அவன் ஓடி மறையும்வரை தியேட்டரே எழுந்து நின்று கெட்ட வார்த்தையில் வழியனுப்பியது.

டிரைவரின் மனைவி அசையாமல் பார்த்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. படத்தின் டிரெய்லர் வந்த நாளிலிருந்து அங்கே அவளுக்குப் பெயர் 'ஓடிப்போனவன் பொண்டாட்டி'. மகள் கல்லூரிக்குப் போய் ஒன்பது நாளாகிறது.

"எங்க வீட்டுக்காரரு இடுப்புல குண்டோட ரெண்டு நாள் ஓட்டுனாருண்ணே. உங்க நாலு பேரையும் இறக்கிவிட்டுட்டுத்தானே செத்தாரு?"

"ஸ்டியரிங்லேர்ந்து அவர் விரலைப் பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சும்மா."

"இந்த மேஜரு?"

"வண்டிப் பக்கமே வரல. எங்களை ஏத்தறதுக்கு முன்னாடியே ஜீப்ல ஏறிப் போயிட்டாரு. மத்த மூணு பேரும் போய்ச் சேந்துட்டானுங்க. நானும் போயிட்டேன்னு நினைச்சிருப்பாரு."

"பத்திரிகைக்கு மூணு கடுதாசி போட்டேன். ஒருத்தனும் சீந்தல."

"அவர் மேஜர். நீ சலவைக்காரி. எவன் சீந்துவான்?"

அவள் நாற்காலியின் கைப்பிடியை நசுக்கிவிடுவதுபோல் பிடித்தாள். "விட்டுடாதீங்கண்ணே. ஒரே அடி. எல்லாரும் பாக்க விழணும். மறுபடி எந்திரிக்கவே கூடாது."

"கிட்ட வரட்டும்மா."

திரையில் வேன் பழுதாகி நின்றது. மேஜர் ஒரு சிப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் நடந்தார். தோளில் கிடந்தது யார், அவனுக்கு எங்கே அடி என்பதெல்லாம் கடைசிவரை தெரியவில்லை. கேமரா மேஜரின் முகத்தைவிட்டு நகர்ந்தால்தானே?

விளக்குகள் எரிந்தன. நிஜ மேஜர் மேடைக்கு வந்தார். கைதட்டல் ஓய்ந்ததும், டிரைவரின் மனைவி வாசலிலேயே கொடுத்து வைத்திருந்த துண்டுச் சீட்டை அறிவிப்பாளர் உணர்ச்சிபொங்க வாசித்தார்.

"அந்த வேனில் வந்தவர்களில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே வீரர் நம்மிடையே இருக்கிறார்!"

மேஜரின் சிரிப்பு அரை நொடி அணைந்து மறுபடி எரிந்தது. இறங்கி வந்து வலது கையை நீட்டினார். சிப்பாய் போர்வையின் ஓரத்திலிருந்து இடது கையை எடுத்துக் கொடுத்தார். பளிச் பளிச்சென்று படம் பிடித்தார்கள். போட்டோவுக்கு எந்தக் கையும் ஒன்றுதான்.

"இப்பவாண்ணே?" அவள் குனிந்து கேட்டாள்.

"இரும்மா. பேசட்டும்."

மேஜர் மேடைக்குத் திரும்பியதும் ஒரு நிருபர் எழுந்தார். "நீங்க தோள்ல தூக்கிட்டு வந்தது இவரைத்தானா சார்?"

மேஜர் சக்கர நாற்காலியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தில் அவராக நடித்தவருக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் கண்ணீர் வரவில்லை.

"இவனேதான். என் கூடப்பிறக்காத தம்பி. ரெண்டு காலும் முட்டிக்குக் கீழ கூழாயிடுச்சு. 'என்னை விட்டுட்டுப் போங்க சார்'னு கதறினான். விடுவேனா? அந்த ரெண்டு காலும் வழியெல்லாம் என் நெஞ்சுல தட்டிக்கிட்டே வந்துச்சு. இன்னிக்கும் தூக்கத்துல தட்டுது."

"ஓடிப்போன டிரைவர் சார்?"

"அந்தக் கோழை பேரைச் சொல்லி இந்த மேடையை அசிங்கப்படுத்த விரும்பல."

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். நிருபர்கள் 'கூழ்' என்ற சொல்லை அடிக்கோடிட்டார்கள். மைக் சிப்பாயிடம் வந்தது.

"சார் சொன்னது பூரா பதிவாயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சுங்க," என்றார் நிருபர்.

"ஒரு வார்த்தை விடாம?"

"நேரலையே போயிட்டிருக்குங்க. நீங்க சொல்லுங்க."

சிப்பாய் எழுந்து நின்றார்.

விசும்பல் பாதியில் நின்றது. போர்வையோடு மேடைப் படிகள் ஆறையும் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். காவலாளி பதறி ஓடிவந்தார். மேஜர் பின்வாங்கிப் பின்வாங்கித் திரையில் முதுகு இடித்து நின்றார்.

சிப்பாய் நெஞ்சுக்கு நெஞ்சு நின்று, தோளை ஒரு குலுக்குக் குலுக்கிப் போர்வையைக் கீழே விழவிட்டார்.

"எனக்குப் போனது கை, சார்."