தலையணை உறைப் பேய்

படத்தில் பேய் ஒரே ஒரு முறைதான் முகத்தைக் காட்டும். அந்த இடம் நெருங்கியதும் இயக்குநர் மனைவியை இழுத்துக்கொண்டு அரங்கைவிட்டு வெளியே வந்துவிட்டார். பழைய தலையணை உறையில் அவளே தைத்த முகமூடி அது.

“சிரிச்சு மானத்தை வாங்கப் போறாங்க!”

“நீங்க குடுத்த காசுக்கு நிஜப் பேயையா கூட்டிட்டு வர முடியும்?”

உள்ளே ஒரே அலறல். படம் விட்டதும் இருவரும் வாசலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“காமெடி பரவாயில்ல. ஆனா அந்த மூஞ்சி இருக்கே, அப்பப்பா!” என்றார் ஒருவர்.

“கண்ணே இல்லாம என்னையே பார்த்துச்சுடி,” என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

“கண்ணு இருந்துச்சுடி. அழுதுச்சு,” என்றாள் தோழி.

ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார்: “செத்துப்போன உன் சித்தப்பா ஜாடை அப்படியே இருந்துச்சுப்பா.”

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தீங்களா என் கைவண்ணத்தை!”

அப்போது படம் ஓட்டும் ஆபரேட்டர் பதறிப்போய் ஓடிவந்தார்.

“மன்னிச்சிடுங்க சார். பேய் திரும்புற நேரம் பார்த்து லேம்ப் அணைஞ்சிடுச்சு. சத்தம் மட்டும்தான் ஓடுச்சு, திரை முழுக்க இருட்டு. மறுபடி எரியறப்ப அடுத்த சீன் வந்துடுச்சு. யாருமே பேய் முகத்தைப் பார்க்கல சார்.”

மனைவி, கலைந்துபோகும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க,” என்றாள் மெதுவாக. “என் முகமூடி வர்ற சீனைப் படத்துலேர்ந்து வெட்டிடுங்க. அந்த இடத்துல இருட்டையே வச்சிடுங்க.”