ஆமை டாக்டர்கிட்ட மைனா கேட்ட கேள்வி

முயல்குட்டி சளியிலேர்ந்து யானையோட மூட்டுவலி வரைக்கும் அந்தக் காட்டுல எல்லாத்துக்கும் ஒரே குடும்ப டாக்டர்தான். யாரு? நம்ம ஆமை!

ஒருநாள் அங்க ஒரு மைனா வந்துச்சு. எந்தெந்தக் காட்டுல டாக்டருங்க சோர்ந்து போயிருக்காங்கன்னு கணக்கெடுக்கிறதுதான் அதோட வேலை. சோர்ந்து போனவங்களுக்குத் துணையா இன்னொரு டாக்டரை அனுப்புவாங்களாம். செம இல்ல?

"படுத்தா தூக்கம் வரலையா? யாரைப் பாத்தாலும் எரிச்சலா வருதா?"ன்னு மைனா கேட்டுச்சு.

"அடடா, எத்தனை நாளா இப்படி இருக்கு? நாக்கை நீட்டு, பாப்போம்"னு ஆமை சொல்லுச்சு.

"ஐயோ டாக்டர், எனக்கில்ல! உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேக்குறேன்."

ஆமைகிட்ட இதை யாருமே கேட்டதில்ல. பதில் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு! அதுக்குள்ள வரிசையில நின்ன முயல், "டாக்டருக்கே முடியலையா? அப்போ என் புள்ளைய யாரு பாப்பாங்க?"ன்னு அழ ஆரம்பிச்சிடுச்சு.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!"னு ஆமை சத்தமா சொல்லுச்சு.

"சூப்பர்! இந்தக் காட்டுல சோர்வே இல்ல!"ன்னு மைனா குஷியா பறந்து போயிடுச்சு.

வரிசை முடிஞ்சதும் ஆமை தலையையும் காலையும் மெதுவா ஓட்டுக்குள்ள இழுத்துக்கிச்சு. உள்ள ஒரே இருட்டு. "ரொம்ப முடியலப்பா"ன்னு அந்த இருட்டுக்கிட்ட சொல்லுச்சு.

யாரோ ஓட்டு மேல தட்டினாங்க. "டாக்டர், உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்"னு தலை வெளிய வந்துச்சு. "சொல்லுங்க, என்ன பண்ணுது?"