ஒடிந்த வெண்டைக்காய்

எங்கள் குடியிருப்பின் ஒரே கடையில் கல்லாவும் இல்லை, ஆளும் இல்லை. முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்; பணம் நம் கணக்கில் தானாகக் கழிந்துவிடும். உள்ளே எதையாவது சேதப்படுத்தியவருக்கு மட்டும் ஒரு மாதம் திறக்காது.

போன வாரம் நான் ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். பாதி ஒடிந்து நாரில் தொங்கியது. முற்றல் என்று திரும்பப் போட்டுவிட்டேன். அதே கூடையில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கதவு அவருக்குத் திறக்கவில்லை. திரையில் ஒடிந்த வெண்டைக்காயின் படம் வந்தது.

"நான் ஒடிக்கவே இல்லையே" என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒடித்தவள் நான் என்று சொன்னால் அவருக்குத் திறந்துவிடும், எனக்கு மூடிவிடும். பின்னால் நின்ற நான் பேசவில்லை.

இன்று பையோடு கடை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"தாரணி, அரைக் கிலோ வெண்டைக்கா எடுத்துட்டு வர்றியாம்மா? பசங்க வேற எதையும் தொட மாட்டேங்குதுங்க."

"சரிக்கா."

"ஒடிச்சுக்கிடிச்சுப் பாத்துடாத. அந்தக் கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. உன்னையும் வெளிய நிறுத்திடும்."

பையை வாங்கிக்கொண்டு கதவின் முன் நின்றேன். அது திறக்கவில்லை.

"குனிஞ்சுக்கிட்டே நின்னா எப்படி?" என்றார் அக்கா. "நிமிர்ந்து மூஞ்சியக் காட்டும்மா."